நெற்றி வலிக்கிறது என்று அரை ஹெல்மெட்டுக்கு மாறலாமா?

வாசகர் ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 44. தினமும் வேலைக்குப் போக 40 நிமிடம், திரும்ப 40 நிமிடம், பைக்கில்தான். கண்ணாடி போடுபவர். தம்பி ஆன்லைனில் வாங்கிக் கொடுத்த முழு முக ஹெல்மெட்டை ஆறு மாதமாக அணிகிறார். போட்டு இருபது நிமிடம் ஆனதும் நெற்றியில் அழுத்துகிற மாதிரி வலி தொடங்குகிறது, கழற்றினால் அரை மணி நேரத்தில் போய்விடுகிறது. நெற்றியில் சிவந்த தடம் விழுகிறது. ஆனால் காதுக்கு மேலே பக்கவாட்டில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடம் இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு எக்ஸ்ரே பார்த்தபோது கழுத்து எலும்பில் கொஞ்சம் தேய்மானம் என்று சொல்லியிருக்கிறார்கள். சிக்னலில் நிற்கும்போது மூச்சு முட்டுவது போலவும் இருக்கிறதாம். "ஊருக்குள் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போவதில்லை, அரை ஹெல்மெட் போதும். முழு ஹெல்மெட்டின் கனத்தால் விழும்போது கழுத்துதான் உடையும், ஹாரன் சத்தமும் கேட்காது" என்று நண்பர் சொல்கிறார். முடி கொட்டுகிறதே என்ற கவலை வேறு. கடைசியாக இரண்டு கேள்விகள்: எந்த வகை ஹெல்மெட் சுகமாக இருக்கும்? எதுவுமே ஒத்துவராவிட்டால், ஹெல்மெட் அணியத் தேவையில்லை என்று மருத்துவரிடம் சான்றிதழ் வாங்க முடியுமா?

உங்கள் கடிதத்தில் விடை பாதி இருக்கிறது. நெற்றியில் தடம், பக்கவாட்டில் இடைவெளி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால், நீங்கள் சந்தேகப்படுகிற விஷயம் வேறு, பிரச்சினை வேறு என்று தெரிகிறது. முழு முக ஹெல்மெட் என்பதால் வலிக்கவில்லை. அந்த ஹெல்மெட்டின் உட்புற வடிவமும் உங்கள் தலையின் வடிவமும் ஒத்துப்போகவில்லை, அதனால் வலிக்கிறது. இதே வடிவத்தில் அரை ஹெல்மெட் வாங்கினாலும் அதே நெற்றி அதே இடத்தில் வலிக்கும், பாதுகாப்பு மட்டும் குறைந்துபோகும்.

இந்த வலிக்கு மருத்துவத்தில் தனி இடமே உண்டு. சர்வதேசத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாட்டில் வெளி அழுத்தத்தால் வரும் தலைவலி என்று ஒன்று இருக்கிறது. ஹெல்மெட், நெற்றிப் பட்டை, நீச்சல் கண்ணாடி போன்றவை நெற்றியிலோ பொட்டிலோ தொடர்ந்து அழுத்தும்போது ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கும், அழுத்தம் போனபின் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். புருவத்துக்கு மேலே தோலுக்கு அடியில் ஓடும் நரம்புகள் எலும்புக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் நசுங்குவதால் வருவது. மூளைக்குள் எதுவும் ஆகவில்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் ஹெல்மெட் போடாத விடுமுறை நாளிலும் அதே வலி வந்தால் அது வேறு தலைவலி, நேரில் காட்ட வேண்டும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இப்படி நீண்ட நேரம் அழுத்தினால் அதுவே அந்தத் தலைவலியைக் கிளப்பிவிடவும் செய்யும். அதனால் "பழகிப்போகும்" என்று பொறுத்துக்கொண்டு போக வேண்டாம்.

முதலில் தலையின் வடிவம், பிறகு வகை

ஹெல்மெட் வாங்கும்போது எல்லோரும் அளவைப் பார்க்கிறோம், எம், எல் என்று. சுற்றளவு ஒன்றாக இருந்தாலும் தலைகள் ஒன்றாக இருப்பதில்லை. மேலிருந்து பார்த்தால் சிலருக்குத் தலை முன்னும் பின்னும் நீண்டிருக்கும், சிலருக்கு ஏறக்குறைய வட்டம், பெரும்பாலானோருக்கு இரண்டுக்கும் நடுவில். பாதத்தின் நீளம் மட்டும் சொல்லி ஷூ வாங்கினால் அகலத்தில் கடிக்கிற மாதிரிதான் இதுவும். நீண்ட தலையை வட்டமான ஹெல்மெட்டுக்குள் நுழைத்தால் நெற்றியும் பின்மண்டையும் அழுந்தும், பக்கவாட்டில் சும்மா இடம் கிடக்கும். வட்டத் தலைக்கு நீள்வட்ட ஹெல்மெட் போட்டால் இரண்டு பொட்டும் வலிக்கும், நெற்றிக்கு முன்னால் இடம் விட்டிருக்கும். நீங்கள் முதல் வகை. உங்களுக்கு வேண்டியது உள்ளே கொஞ்சம் நீள்வட்டமாக உள்ள ஹெல்மெட்.

வீட்டில் யாரையாவது விட்டு உங்கள் தலையை மேலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள், முடியை அழுத்திப் படிய வைத்துக்கொண்டு. வடிவம் தெரிந்துவிடும். அப்புறம் தையல் நாடாவை எடுத்து, புருவத்துக்கு மேல் இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில், காதுகளுக்கு மேலாக, பின்மண்டையில் மிகவும் துருத்தியிருக்கும் இடத்தைச் சுற்றி அளந்து கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை அளந்து, வந்ததில் பெரிய எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் அளவு அட்டவணையும் மாறும் என்பதால் "நான் எப்போதும் எல்" என்பது செல்லாது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதைச் செய்து பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வலிக்கிற இடத்தில் உள்ளே இருக்கும் தெர்மாக்கோல் போன்ற வெள்ளைப் படலத்தைக் கரண்டியால் அழுத்தியோ கத்தியால் சீவியோ இடம் பண்ணாதீர்கள். அடிபடும்போது நசுங்கி, மோதலின் வேகத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்வது அந்தப் படலம்தான். அது ஒரு முறைதான் நசுங்கும். நீங்கள் முன்கூட்டியே நசுக்கிவிட்டால் அந்த இடத்தில் உங்கள் நெற்றிக்குக் காப்பு இல்லை. துணி லைனரையும் கன்னப் பஞ்சையும் மாற்றலாம், மெலிதானது போடலாம், அதில் தவறில்லை.

போட்டுப் பார்க்கும்போது

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் திருப்பித் தரும் வசதி இருக்க வேண்டும். கையில் கிடைத்ததும் வண்டி ஓட்டாமல், வீட்டில் உட்கார்ந்தபடி அரை மணி நேரம் போட்டுக்கொண்டிருங்கள். ஒரு நிமிடம் போட்டுக் கழற்றினால் எந்த ஹெல்மெட்டும் நன்றாகத்தான் இருக்கும். கழற்றியபின் கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள். நெற்றியில் ஒரே இடத்தில் சிவந்து வலித்தால் அது வேண்டாம். நெற்றி முழுக்க லேசான தடம் இருந்தால் பரவாயில்லை.

கன்னங்கள் இறுக்கமாக இருக்கத்தான் வேண்டும். புது ஹெல்மெட்டில் பேசும்போது கன்னத்தை உள்ளே கடித்துக்கொள்வது போல இருப்பது இயல்பு, சில வாரங்களில் பஞ்சு அமுங்கி இளகும். நெற்றி அழுத்தம் அப்படி இளகாது, அங்கே பஞ்சு மெலிதாகத்தான் இருக்கும், பின்னால் இருப்பது கெட்டியான படலம். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் கன்னம் இறுக்குகிறது என்று ஒரு அளவு பெரிதாக வாங்கிவிட்டு, காற்றில் தள்ளாடும் ஹெல்மெட்டோடு ஓட்டுகிறார்கள்.

பட்டையைப் போட்டுக்கொண்டு ஹெல்மெட்டை இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள். தலைத் தோலும் கன்னமும் கூடவே நகர வேண்டும், ஹெல்மெட் மட்டும் தனியாக வழுக்கக் கூடாது. பிறகு ஒருவரை விட்டுப் பின்பக்க விளிம்பைப் பிடித்து மேல்நோக்கி முன்னால் உருட்டித் தள்ளச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அது எவ்வளவு சுகமாக இருந்தாலும் பயனில்லை. தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ஒன்றிரண்டு விரல் நுழையும் அளவு இடம் போதும். கொக்கி க்ளிக் என்று மாட்டும் வகையோ, இரண்டு வளையங்களில் கோத்து இழுக்கும் வகையோ, எதுவானாலும் ஒவ்வொரு முறையும் மாட்ட வேண்டும். உங்களைப் போல தினமும் போட்டுக் கழற்றுகிறவர்களுக்கு க்ளிக் வகை சுலபம், வளைய வகை ஒவ்வொரு முறையும் சரியான இறுக்கத்தில் அமையும்.

நண்பர் சொன்னவை

நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஒவ்வொன்றையும் திருத்த வேண்டியிருக்கிறது.

40 கிலோமீட்டர் வேகம்தானே என்பது முதல் விஷயம். பைக்கில் உட்கார்ந்திருக்கும்போது தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து தலை கீழே வந்து மோதும்போது வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தொட்டுவிடும், வண்டி நின்றுகொண்டிருந்தாலும் சரி. மண்டை ஓடு உடையவும் மூளைக்குள் ரத்தம் கசியவும் அது போதும். ஹெல்மெட்டுகளை ஆய்வகத்தில் சோதிப்பதும் பிரமாண்டமான வேகத்தில் இல்லை. ஐரோப்பியத் தரநிலையின் வழக்கமான மோதல் சோதனை விநாடிக்கு 7.5 மீட்டர், அதாவது மணிக்கு 27 கிலோமீட்டர். ஊருக்குள் நடக்கும் விபத்துக்காகவே செய்யப்பட்ட கருவி அது.

கழுத்து உடையும் என்ற பயம் மிகப் பழையது, உங்களைப் போல கழுத்துத் தேய்மானம் உள்ளவர்களை அதிகம் தொந்தரவு செய்வதும் அதுதான். அமெரிக்காவின் தேசியக் காயப் பதிவேட்டிலிருந்து 40,000க்கும் மேற்பட்ட பைக் விபத்து நோயாளிகளின் விவரங்களை எடுத்து ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வந்தது. ஹெல்மெட் அணிந்தவர்களுக்குக் கழுத்து எலும்புக் காயத்துக்கான வாய்ப்பு சுமார் 22 சதவீதம் குறைவாக இருந்தது. கூடவில்லை, குறைந்தது. தலைக் காயத்தைப் பொறுத்தவரை கேள்விக்கே இடமில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட் தலைக் காய ஆபத்தை 69 சதவீதமும் மரண ஆபத்தை 42 சதவீதமும் குறைப்பதாகச் சொல்கிறது.

ஹாரன் கேட்காது என்பதும் தவறு. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் தலைமையில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட அறிக்கை, ஹெல்மெட்டால் முக்கியமான போக்குவரத்துச் சத்தம் கேட்காமல் போவதோ, பார்வை மறைவதோ, களைப்பு வருவதோ இல்லை என்று கண்டது. ஹெல்மெட் ஹாரனைக் குறைக்கும்போது காற்றின் இரைச்சலையும் சேர்த்தே குறைக்கிறது. தலையைத் திருப்பாமல் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 105 டிகிரி வரை தெரிய வேண்டும் என்று தரநிலைகளே கேட்கின்றன. உங்கள் ஹெல்மெட்டில் ஓரம் மறைவதாகத் தோன்றினால் வைசரில், அதாவது முகத்துக்கு முன்னால் உள்ள ஒளி ஊடுருவும் தகட்டில், விழுந்த கீறல்களை முதலில் பாருங்கள், அல்லது ஹெல்மெட் சரிந்து இறங்கியிருக்கலாம்.

முடி பற்றிச் சுருக்கமாக. பரம்பரை வழுக்கையை ஹெல்மெட் கொண்டுவருவதில்லை. வியர்வையில் ஊறிய லைனரைத் துவைக்காமல் போட்டால் பொடுகும் அரிப்பும் வரும், முடியை இறுக்கி இழுத்துக் கட்டி மேலே ஹெல்மெட் போட்டால் வேர் தளரும். உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி அணிந்து அதைத் தினமும் துவையுங்கள், லைனரை மாதம் ஓரிரு முறை கழற்றித் துவைத்து நிழலில் உலர்த்துங்கள்.

எந்த வகை

அரை ஹெல்மெட் மண்டையின் மேல்பகுதியை மட்டும் மூடுகிறது. காதுப் பக்கம், பொட்டின் கீழ்ப்பகுதி, பின்மண்டையின் அடிப்பகுதி எல்லாம் வெளியே. லேசாக இருக்கும், காற்று வரும், உண்மைதான். ஆனால் உங்களுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன்.

ஓப்பன் ஃபேஸ் என்கிற வகை காதையும் பின்மண்டையையும் மூடுகிறது, முகத்தைத் திறந்து விடுகிறது. மூச்சு முட்டும் உணர்வு உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல். கண்ணாடி போடுவது சுலபம், ஆவி படியாது. குறை என்னவென்றால் தாடை. ஜெர்மனியில் ஹனோவர் நகரத்து விபத்து ஆய்வுகளில் ஹெல்மெட்டில் பட்ட அடிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முகவாய்ப் பகுதியில் பதிந்திருந்தது. தாடை உடைந்து, பல் போய், முக எலும்பு நொறுங்கி வருகிறவர்களைப் பார்க்கிற துறையில் இருப்பதால் இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் "முழு முகம் போட முடியவில்லை, அதனால் எதுவுமே போடுவதில்லை" என்பவருக்கு, நீளமான வைசர் உள்ள தரமான ஓப்பன் ஃபேஸ் எத்தனையோ மேல்.

மாடுலர், ஃபிளிப் அப் என்று சொல்லப்படும் வகையில் முகவாய்ப் பகுதியை மேலே தூக்கலாம். நின்றவுடன் தூக்கி மூச்சு வாங்கலாம், கண்ணாடியைக் கழற்றாமலே போட்டுக்கொள்ளலாம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கீல் இருப்பதால் அதே தரத்து முழு முக ஹெல்மெட்டைவிடச் சற்றுக் கனம், பெரும்பாலும் 1500 கிராமுக்கு மேல். இரண்டு, முகவாய்ப் பகுதி உண்மையில் காக்குமா என்பது. ஐரோப்பியத் தரநிலையான இசிஇ (ECE) 22.06 முத்திரையில் பி (P) என்ற எழுத்து இருந்தால் முகவாய்ப் பகுதி சோதிக்கப்பட்டது, ஜே (J) என்றால் முகம் திறந்த வகை, பி/ஜே (P/J) என்றால் மூடியும் திறந்தும் இரண்டு நிலையிலும் சோதிக்கப்பட்டது. என்பி (NP) என்றிருந்தால் முகவாய்ப் பகுதி இருக்கிறது, ஆனால் காக்காது. பி/ஜே பார்த்து வாங்குங்கள், ஓடும்போது மூடியே வைத்திருங்கள்.

முழு முகம் எல்லாவற்றிலும் பாதுகாப்பு அதிகம், சத்தமும் குறைவு. வடிவம் பொருந்தினால் இதன் கனம் மறந்துபோகும். நீட்டிய முனை வைத்த மண் சாலை வகையை மட்டும் கழுத்துப் பிரச்சினை உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது, வேகத்தில் அந்த முனை காற்றைப் பிடித்துத் தலையைத் தூக்கும்.

கழுத்துத் தேய்மானமும் மூச்சு முட்டலும்

44 வயதில் எக்ஸ்ரேயில் கொஞ்சம் தேய்மானம் தெரிவது மிகச் சாதாரணம், வலியே இல்லாதவர்களுக்கும் தெரியும். தலையே நாலரை, ஐந்து கிலோ இருக்கிறது. 1300 கிராமுக்கும் 1500 கிராமுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, காற்று ஹெல்மெட்டை எப்படிப் பிடித்து ஆட்டுகிறது, நீங்கள் எப்படி உட்காருகிறீர்கள் என்பவை கழுத்தை அதிகம் பாதிக்கும். முன்னால் குனிந்து, முகத்தை மட்டும் நிமிர்த்தி ஓட்டினால் பின்கழுத்துத் தசைகள் வழி முழுக்க இறுகியே இருக்கும். தோள் பையின் கனமும் கூடச் சேரும். இவற்றைச் சரிசெய்துவிட்டு, 1500 கிராமுக்கு அதிகம் போகாத, கையில் தூக்கும்போது முன்பக்கம் சாயாத ஹெல்மெட்டாகப் பாருங்கள். கை மரத்துப்போவது, தோளிலிருந்து விரல் வரை வலி இறங்குவது, பிடி தளர்வது இவற்றில் ஏதாவது இருந்தால் ஹெல்மெட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் நேரில் காட்டுங்கள்.

மூச்சு முட்டலில் பாதி, சொந்த மூச்சின் சூடும் கண்ணாடியில் படியும் ஆவியும்தான். முகவாயில் காற்றுத் துளை உள்ளதா, அதைத் திறந்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மெதுவாகப் போகும்போது வைசரை ஒரு படி மட்டும் திறக்கலாம். வைசரின் உட்புறம் ஒட்டும் பின்லாக் படலம் ஆவி படியாமல் தடுக்கும். நேரான, மெல்லிய காம்பு உள்ள கண்ணாடி ஹெல்மெட்டுக்குள் சுலபமாக நுழையும், காது மேல் அழுத்தாது. மீதிப் பாதி மனப் பதற்றமாக இருந்தால் வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும்போது ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போட்டுப் பழகுங்கள். நிறையப் பேருக்கு இது அடங்கிவிடுகிறது.

சான்றிதழ்

அதற்குச் சட்டத்தில் இடம் உண்டா என்பது நாட்டுக்கு நாடு மாறும். இடம் இருந்தாலும் உங்கள் நிலைக்கு நான் எழுதித் தர மாட்டேன். வருத்தப்படாதீர்கள். 1935இல் பைக் விபத்தில் சிக்கி இறந்த, 'அரேபிய' லாரன்ஸ் என்று புகழ்பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரும் ஒருவர். அந்த மரணத்துக்குப் பிறகு அவர் ராணுவ பைக் ஓட்டிகளின் தலைக் காயங்களை ஆராய்ந்து 1941இல் எழுதியவைதான் ஹெல்மெட் பற்றிய மருத்துவச் சான்றுகளின் தொடக்கம். ஹெல்மெட்டை மருத்துவர்கள்தான் முதலில் கேட்டு வாங்கினார்கள். சரிசெய்யக்கூடிய ஒரு வலிக்காக அதைக் கழற்றி வைக்க என் கையெழுத்து பயன்படக் கூடாது. காப்பீட்டுக் கோரிக்கை, நஷ்ட ஈட்டு வழக்கு என்று வரும்போது ஹெல்மெட் இல்லாதது உங்களுக்கு எதிராக நிற்கவும் கூடும்.

அதனால் என் யோசனை: உள்ளே நீள்வட்டமாக உள்ள, பி/ஜே முத்திரை உள்ள மாடுலரை முதலில் போட்டுப் பாருங்கள். அதன் கனம் கழுத்துக்கு உறுத்தினால், அதே வடிவத்தில் நல்ல காற்றோட்டம் உள்ள முழு முகம். இரண்டிலும் மூச்சு முட்டல் அடங்கவே இல்லை என்றால் மட்டும் ஓப்பன் ஃபேஸ். வாங்கும் முன் உங்கள் நாட்டில் ஏற்கும் தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புதியது வரும்வரை இப்போதுள்ளதையே போடுங்கள். அதை ஒரு அளவு பெரிதாக மாற்றிக்கொள்ள வேண்டாம், பக்கவாட்டு இடைவெளி இன்னும் கூடிவிடும். வலி இருபதாவது நிமிடத்தில் தொடங்குகிறது என்கிறீர்கள், அப்படியானால் பதினைந்தாவது நிமிடத்தில் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, இரண்டு நிமிடம் கழற்றி வைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். புதிய ஹெல்மெட்டில் மூன்று வாரம் ஓட்டிய பிறகும் நெற்றி வலி நீடித்தால், எப்போது தொடங்குகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு ஒரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.